திரும்பி வராத சீட்டு: மருத்துவரின் கல்வியும் வேலையின் அமைப்பும்

வேலைக்குச் சேர்ந்தபின் டாக்டர்கள் புத்தகத்தைத் தொடுவதில்லை என்கிற பேச்சு நம்மிடையே ஏறக்குறைய ஒரு சொலவடையாகிவிட்டது. இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் சங்கக் கூட்டத்தில் மூத்தவர்கள் எங்களையே பார்த்துச் சொல்லவும் கேட்டிருக்கிறேன். சொல்பவர் யாரானாலும் பேச்சின் அமைப்பு ஒன்றுதான். படிப்பு என்பது தனிமனிதனின் குணம். ஆர்வம் உள்ளவன் படிக்கிறான், இல்லாதவன் படிப்பதில்லை. இல்லாதவனுக்கு ஆர்வத்தை ஊட்ட வேண்டும், ஊட்டியும் படியாதவனைக் கட்டாயப்படுத்த வேண்டும். அறத்தைப் பற்றிய பேச்சுபோலத் தோன்றும் இது, உழைப்பைப் பற்றிய பேச்சை ஓரங்கட்டுகிற பேச்சு. ஒரு மருத்துவர் கடைசிவரை கற்றுக்கொண்டே இருப்பாரா என்பதை அவர் மனத்தைவிட அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அதற்கு முன்னால் நிற்கும் வரிசையும்தான் தீர்மானிக்கின்றன என்பது என் தரப்பு. ராதாபுரம் வட்டாரத்தில் வேலைபார்த்த ஆண்டுகளை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ராதாபுரம் தெரியாதவர்களுக்கு: தாமிரபரணியின் வயல்கள் முடிந்து வெகுதூரம் தெற்கே, மாவட்டத்தின் கடைக்கோடி. செம்மண் தேரி, பனை, முருங்கை, பணகுடிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள், வீட்டு நடையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், கடலோரம் போனால் கூடங்குளமும் இடிந்தகரையும். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் பக்கத்து பி.எச்.சி., அடுத்து வள்ளியூர், அதற்கும் மேலே என்றால் வடக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அல்லது மேற்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் வந்தது, கன்னியாகுமரி மருத்துவக் கல்லூரி 2001இல். இரண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு நடுவிலுள்ள ஊர், கல்விக்கு என்ன குறை என்று வரைபடத்தைப் பார்ப்பவர் கேட்பார்.

நான் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெயர் வேண்டாம். டாக்டர் பணியிடம் இரண்டு. ஒருவர் எப்போதும் முகாமிலோ மீட்டிங்கிலோ மாற்றுப்பணியிலோ இருப்பார். காலை 9 முதல் 1 மணிவரை ஓ.பி. சாதாரண நாளில் 160 டோக்கன். 240 நிமிடத்தை 160 பேருக்குப் பங்குவைத்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி நாள். அன்றைக்குக் கணக்கு இன்னும் மோசம். மதியத்துக்குமேல் பதிவேடுகள், பிக்மி எண், மாத அறிக்கை. 2017இல் 67 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து வெளியான கட்டுரை ஒன்று, ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கும் அதிகம், இந்தியாவில் சுமார் 2 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி என்றது. அதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி ஏற்படவில்லை. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை நிமிடத்தில் செய்யக்கூடியது சீட்டை வாங்கி, ‘என்னம்மா செய்யுது?’ என்று கேட்டு, பதில் முடியுமுன் எழுதி, மணியடிப்பது. ஸ்டெதஸ்கோப்பை வைப்பது பெரும்பாலும் ஒரு மரியாதை. வைக்காவிட்டால் ‘டாக்டர் தொட்டே பாக்கல’ என்பார்கள்.

*

2011 டிசம்பர். இடிந்தகரையில் போராட்டப் பந்தல் நின்றுகொண்டிருந்த காலம். மழை முடிந்து வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. பீடி சுற்றும் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று நாள் காய்ச்சல் என்று வந்தார். பாராசிட்டமால், அமாக்ஸிசிலின் எழுதினேன். மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார், மூச்சு வாங்கியது. 108ஐக் கூப்பிட்டு, ‘வைரல் காய்ச்சல், நிமோனியாவா என்று பார்க்கவும்’ என்று சீட்டெழுதி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி அதன்பிறகு நான் நினைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வாரம் கழித்து அவருடைய அண்ணன் வந்தார். ஓ.பி. முடிகிறவரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, மஞ்சப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“டாக்டரய்யா, கோவிச்சுக்கிடாதிய. சண்ட போட வரல. இதுல என்ன எழுதிருக்குன்னு மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க. அங்க கேட்டா ஒருத்தரும் நின்னு பதில் சொல்ல மாட்டக்காவ.”

இறப்புச் சுருக்கம். ஸ்க்ரப் டைபஸ். வலது அக்குளில் கருப்புப் பொருக்கு. நுரையீரல் செயலிழப்பு. அனுமதிக்கப்பட்ட மூன்றாம் நாள் மரணம்.

ஸ்க்ரப் டைபஸைப் பத்திரிகைகள் இப்போது உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத ஒருவகை உண்ணியின் இளம்புழு கடிப்பதால் உடலுக்குள் போகும் நுண்ணுயிர்தான் காரணம். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் சிப்பாய்களைக் கொன்ற நோய். நான் படித்த பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம். வகுப்பில் அதுவும் நடத்தப்படவில்லை, போய்விட்ட நோய் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் தென்னிந்தியாவில் குளிர்மாதங்களில் இந்தக் காய்ச்சல் கூட்டமாக வருகிறது என்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2003லேயே எழுதிவிட்டார்கள். கடித்த இடத்தில், எல்லோருக்கும் அல்ல, பலருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் என்று துணி மூடிய, ஈரம் தங்கும் இடங்களாகப் பார்த்து உட்காரும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் போதும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். அந்த மாத்திரை எங்கள் மருந்தகத்தில் இருந்தது. என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரம்.

அண்ணன் கேட்டார்: “இந்தக் கருப்புப் புண்ண மொதல்லயே பாத்திருந்தா பொழச்சிருப்பாளா?”

பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னேன். அதைச் சொன்னது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, “அப்பம் அது என்ன காச்சல்னு எழுதித் தாங்க, ஊர்ல வேற யாருக்கும் வந்தா காட்டணும்லா” என்றார். தங்கை செத்து ஐந்து வாரத்தில் அவர் கேட்டது நஷ்டஈடு அல்ல, நோயின் பெயர். எங்கள் வட்டாரத்தில் தொடர்கல்வி குறித்து நான் கேட்ட ஒரே உருப்படியான வாக்கியம் அதுதான் என்று பிற்பாடு தோன்றியது.

*

நான் ஏன் பார்க்கவில்லை? எளிய விடை, எனக்குத் தெரியாது என்பது. 2003ஆம் ஆண்டுக் கட்டுரையை நான் படித்திருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படித்திருந்தால் பார்த்திருப்பேனா? ஒரு பெண்ணின் அக்குளைப் பார்க்க ஒரு மறைப்பு வேண்டும், பக்கத்தில் ஒரு சிஸ்டர் வேண்டும், ஐந்து நிமிடம் வேண்டும். என் அறையில் கதவு சாத்தாது; மேசைக்கு மூன்று பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். இருந்த சிஸ்டர் பிரசவ அறையில். தெரிந்துகொள்வது என்பது மூளைக்குள் நடக்கிற காரியம் என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது நாலு முழம் துணியில் நடக்கிற காரியம்.

டெல்லியில் ஜிஷ்ணு தாசும் ஜெஃப்ரி ஹாமரும் செய்த ஆய்வுகளை இங்கே நினைவுகூரலாம். ஒரு நோயை விவரித்து ‘என்ன செய்வீர்கள்?’ என்று டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். சொன்னதற்கும் செய்ததற்கும் நடுவே பெரிய பள்ளம். மத்தியப் பிரதேசத்தில் நடந்து 2016இல் வெளியான இன்னோர் ஆய்வில், அதே அரசு டாக்டர் மாலையில் தன் சொந்த கிளினிக்கில் உட்காரும்போது கூடுதலாகக் கேட்கிறார், கூடுதலாகத் தொட்டுப் பார்க்கிறார் என்று கண்டார்கள். இதிலிருந்து சந்தையை நோக்கி ஒரு பாதை போகிறது. அந்தப் பாதையில் நான் போகத் தயாரில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரே மூளை, ஒரே பட்டம், நாற்காலி மாறினால் அறிவு மாறுகிறது. அப்படியானால் அறிவு மூளையில் மட்டும் இல்லை.

உடனே ஒரு கேள்வி வரும், வரவேண்டும். கூட்டம் இல்லாத நாளில்? மழை பெய்து முப்பது டோக்கன்கூடத் தேறாத நாள்கள் இருந்தனவே? இருந்தன. அந்த நாள்களிலும் நான் ஒன்றரை நிமிடத்தில்தான் எழுதினேன். மீதி நேரம் செய்தித்தாள் படித்தேன். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வெறும் வக்காலத்தாகிவிடும். வரிசை இல்லாதபோதும் வரிசை என் கைக்குள் இருந்தது. பூர்தியூ இதைப் பழக்கநிலை என்பார், அமைப்பு உடம்பாக உறைந்துபோவது. வேலைநிலைமை வெளியே இருந்து நம்மைத் தடுக்கிறது என்பது பாதி உண்மை. அது நம்மை ஒருவிதமான ஆளாகச் செய்துவிடுகிறது என்பதுதான் மீதி. ஆகவே நாளைக்கே டோக்கனைப் பாதியாகக் குறைத்தாலும் நாளை மறுநாளே டாக்டர்கள் கற்கத் தொடங்கிவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

நம் சிறுபத்திரிகைகளோடு எனக்கொரு சிறிய தகராறும் இந்த இடத்தில் உண்டு. ஃபூக்கோ 1963இல் எழுதிய ‘கிளினிக்கின் பிறப்பு’ நூலின் வழியாக மருத்துவப் பார்வையை அதிகாரமாக வாசிக்கக் கற்றுக்கொண்டோம். பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் ஏழையின் உடல், இலவச வைத்தியத்துக்கு விலையாக, பார்க்கப்படும் பொருளாகவும் படிக்கப்படும் பாடமாகவும் ஆனது. சரி. ஆனால் ராதாபுரத்து ஓ.பி.யில் அந்தப் பார்வை விழவேயில்லையே! என் எதிரே உட்கார்ந்திருந்த பெண் பார்வையால் ஒடுக்கப்பட்டவர் அல்ல, பார்க்கப்படாமல் செத்தவர். பார்ப்பதன் அதிகாரத்தைப் பற்றி நாம் எழுதிய அளவுக்குப் பாராமையின் அதிகாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறோமா?

*

நேரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அந்த அண்ணன் வந்திருக்காவிட்டால், அந்தப் பெண் வைரல் காய்ச்சலில் நல்லபடியாகத் தேறிவிட்டார் என்றுதான் நான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பேன். நினைக்கக்கூட மாட்டேன். நாங்கள் எழுதி அனுப்பும் சீட்டு ஒருவழிச் சீட்டு. போன நோயாளிக்கு என்ன நோய் என்று முடிவானது, என் கணிப்பு சரியா தப்பா, ஒன்றும் திரும்பி வராது. வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் அனுப்புகிறோம். நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு விடைத்தாள் தரப்படாத பரீட்சை. தன் உழைப்பின் விளைவு உழைப்பவனிடமிருந்து பிரிந்துபோவதை மார்க்ஸ் அந்நியமாதல் என்றார். எங்கள் விளைவு தேறிய உடம்பு, அல்லது செத்த உடம்பு. இரண்டையும் நாங்கள் பார்ப்பதில்லை. தச்சனுக்குக் கதவு சாத்தாவிட்டால் தெரியும். குயவனுக்குப் பானை ஒழுகினால் தெரியும். தவறு தெரியவராத வேலையில் இருபது வருஷ அனுபவம் என்பது ஒரே வருஷத்தை இருபது முறை வாழ்ந்ததுதான்.

இது தவிர்க்க முடியாததா? இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றிருக்கிறது. பிரசவ மரணத் தணிக்கை. 1990களில் தொடங்கி அடுத்த பத்தாண்டில் கட்டாயமாக்கப்பட்ட முறை இது. ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். எந்த வீட்டில், எந்த வண்டியில், எந்த மேசையில் எவ்வளவு நேரம் தாமதமானது என்று பின்னோக்கி விசாரிக்க வேண்டும். ஆட்சியர்வரை அது போகும், இறந்தவரின் உறவினர் பேசுவதும் உண்டு. லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2001-03இல் 134ஆக இருந்த தாய்மார் மரணம் 2018-20இல் 54ஆக இறங்கியது. இதற்குக் காரணங்கள் பல: மூன்று சிஸ்டர்களோடு 24 மணி நேரமும் இயங்கும் பி.எச்.சி.கள், 2008இல் வந்த 108, மருந்துத் தட்டுப்பாட்டைக் குறைத்த, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம். ஆனால் மரணம் திரும்பி வந்து பேசிய ஏற்பாடும் அவற்றில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ரத்தப்போக்கை அளப்பது, மெக்னீசியம் சல்ஃபேட் போடுவது எல்லாம் நான் கல்லூரியில் கற்றதைவிடத் தணிக்கைக் கூட்டங்களில் கற்றதுதான் அதிகம். அந்தப் பீடிக்காரப் பெண் கர்ப்பிணியாக இருந்திருந்தால் அவர் மரணம் எனக்கு மறுநாளே தெரிந்திருக்கும். கர்ப்பிணி இல்லை, அதனால் ஐந்து வாரம், அதுவும் ஒரு மஞ்சப்பையின் தயவில்.

ஆனால் தணிக்கையைக் கொண்டாடிவிட்டு நகர முடியாது. அந்தக் கூட்டங்களில் பாதி, பள்ளிக்கூடம், மீதி, கோர்ட்டு. ‘ஏன் இவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?’ என்ற கேள்வி கற்பதற்காகவும் கேட்கப்படலாம், தண்டிப்பதற்காகவும் கேட்கப்படலாம்; கேட்கிறவர் மேசைமேல் 17-ஏ, 17-பி மெமோ இருக்கும்போது கேட்கப்படுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். (வெளியாருக்கு: இவை அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கும் பெருந்தண்டனைக்குமான பிரிவுகள்.) மெமோ வாங்கிய டாக்டர் கற்றுக்கொள்வது ரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது என்பதை அல்ல, கேஸ் ஷீட்டை எப்படி எழுதுவது என்பதை. “நம்ம கூரைக்குக் கீழ நடக்கக்கூடாது, ரெஃபர் பண்ணிரு” என்பது எங்களிடையே ஒரு தாரக மந்திரம். இதுவும் தொடர்கல்விதான், பயத்தின் பாடத்திட்டம்.

பயம் எதைக் கற்கலாம் என்பதையும் வரையறுக்கிறது. அதே 2011-12இல் ஓ.பி.க்கு வந்த மீனவப் பெண்கள் கேட்டார்கள்: “அணு உலை ஓடுனா எங்க பிள்ளையளுக்கு என்ன சார் ஆகும்? ஏற்கனவே இந்தக் கரைல கான்சர் சாஸ்திங்காவளே, நெசமா?” ஒரு டாக்டர் வாழ்நாளெல்லாம் படிக்க இதைவிட நல்ல கேள்வி எது? நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் கருநாகப்பள்ளியில், மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கரையில், 1990 முதல் புற்றுநோய்ப் பதிவேடு வைத்து ஆண்டுக்கணக்காக மக்களைத் தொடர்ந்தார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் வெளியிட்டார்கள். அதை ஏற்கலாம், எதிர்த்து வாதாடலாம். வாதாட ஒரு பதிவேடு இருக்கிறது. என் மேசையில் என்ன இருந்தது? 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள். நான் அந்தப் பெண்களிடம் ‘தெரியலம்மா’ என்றேன். தெரியவில்லை என்பது உண்மை. தெரிந்துகொள்ள முயன்றால் அதுவே ஒரு நிலைப்பாடாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற பயமும் உண்மை.

*

இந்த நிலைமைக்கு அரசும் கவுன்சிலும் வைத்திருக்கும் மருந்து, கிரெடிட் மணிநேரம். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணிநேரம் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. வருடத்துக்கு ஆறு மணிநேரம். என் ஓ.பி. வருடத்துக்கு ஆயிரம் மணிநேரத்துக்கும்மேல். அந்த ஆயிரம் மணிநேரம் எனக்கு ஒன்றும் கற்றுத்தராமல் போக, இந்த ஆறு மணிநேரம் அதை ஈடுகட்டும் என்று எந்தக் கணக்கில் நம்புகிறார்கள்? பாவ்லோ ஃப்ரெய்ரே, ஆசிரியர் போட்டுவைக்க மாணவர் வாங்கிவைக்கிற படிப்பை வங்கிமுறைக் கல்வி என்றார். அவர் உவமையாகச் சொன்னதை நாம் பெயராகவே வைத்துவிட்டோம், கிரெடிட் என்று.

ஒரு கிரெடிட் கூட்டத்துக்குப் போயிருந்தேன், ஊர் வேண்டாம். ஓட்டல் ஹால், நல்ல குளிர். ஒரு புதுரக இன்சுலின் பற்றி நாற்பது நிமிடம் படம் காட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் ‘பி.எச்.சி. ஃப்ரிட்ஜில் தடுப்பூசிக்கே இடமில்லை’ என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு பஃபே, பிறகு இரண்டு மணிநேரத்துக்கான சான்றிதழ். இரண்டு மணிநேரம் ஆகவில்லை. அந்த ஹாலுக்குப் பணம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். மருந்துக் கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசும் பயணமும் வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரிலேயே விதி வந்துவிட்டது. அப்படிக் கொடுக்கும் பரிசுகளைச் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்க முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம், சென்னை அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் சொன்னது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கம்பெனிப் பணத்தில் நடக்கும் கல்விக் கூட்டங்களுக்கே டாக்டர்கள் போகக்கூடாது என்ற விதியையும் சேர்த்து வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் முழு விதிகளையும் நிறுத்திவைத்து 2002ஆம் ஆண்டு விதிகளுக்கே திரும்பியது.

விதியைப் பாராட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு டாக்டரைத் தேடிவந்து, வெயிலில் டை கட்டிக்கொண்டு காத்திருந்து, ‘சார், புதுசா ஒண்ணு வந்திருக்கு, ரெண்டு நிமிஷம்’ என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் ரெப்தான். அரசிடமிருந்தோ கல்லூரியிடமிருந்தோ அப்படி யாரும் வந்ததில்லை. அவர் சொல்வது விற்பனைப் பேச்சு என்று தெரியும். அவருக்கும் மாதாந்திர டார்கெட் என்ற வரிசை உண்டு, எனக்கு டோக்கன்போல. இரண்டு வரிசைகள் சந்தித்துக்கொள்ளும் இரண்டு நிமிடத்துக்குள்தான் எங்கள் ‘தற்கால மருத்துவ அறிவு’ புதுப்பிக்கப்பட்டது. ஸ்க்ரப் டைபஸைப் பற்றி எந்த ரெப்பும் பேசியதில்லை. டாக்ஸிசைக்ளின் அவ்வளவு மலிவு.

*

டாக்டர்கள் படிப்பதில்லை என்பது நேர்ப்பொருளிலேயே தவறு என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பி.எச்.சி. குவாட்டர்ஸில் இரவு 1 மணிக்கு விளக்கு எரியும். இளம் டாக்டர்கள் முதுநிலை நுழைவுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஓ.பி. மேசை இழுப்பறையிலும் கேள்வித் தொகுப்பு இருக்கும். ஆயிரத்தில் ஒருவருக்கும் வராத நோய்க்குறிகள் மனப்பாடம். எதிரே இருப்பவரின் காய்ச்சல் மனப்பாடத்தில் இல்லை. நான் அவர்களைக் குறைசொல்லவில்லை, நானும் படித்தவன்தான். எங்கள் வேலையின் அமைப்பு அங்கீகரிக்கும் ஒரே கல்வி, அந்த வேலையைவிட்டு வெளியேற உதவும் கல்வி. 2000ஆம் ஆண்டின் முதுநிலைக் கல்வி விதிகளின்படி தொலைதூர, சிரமமான இடங்களில் வேலைபார்த்தால் வருடத்துக்கு 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் இருந்தது. ஊர் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய இடமாக இல்லை, மதிப்பெண்ணாகச் சேர்த்துவைத்துக்கொண்டு போகவேண்டிய இடமாக இருக்கிறது.

அரசுப்பணியில் உள்ளவர்களுக்கான முதுநிலை ஒதுக்கீட்டுக்காக 2017 முதல் நாங்கள் தெருவில் நின்றோம். 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கத்தின் வழக்கில், அப்படி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. நல்ல வெற்றி. கிராமத்தில் வேலைபார்த்தவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளின் நிபுணர்களாக வருவதற்கு இந்த ஏணி தேவை. ஆனால் ஏணியில் ஏறாமல் ராதாபுரத்திலேயே இருந்துவிடுகிறவருக்கான கல்வி என்ன என்ற கேள்வியை நாங்கள் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

அந்த அண்ணன் வந்துபோன மறுவாரம் எங்கள் சிஸ்டர் தன் பழைய சேலையொன்றைக் கிழித்து என் மேசைக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டார். மூன்று நாளுக்குமேல் காய்ச்சல் என்றால் அந்தச் சேலைக்குப் பின்னால் போய் அவரே முதலில் பார்ப்பார். அந்த ஜனவரியில் இரண்டு பொருக்குகளைக் கண்டுபிடித்தோம், இரண்டும் அவர் கண்ணில் பட்டவை. கிராம சுகாதார செவிலியர்களில் ஒருவர் ஒரு நாற்பது பக்க நோட்டில், தமிழில், யாருக்கு எந்த இடத்தில் புண், எத்தனையாம் நாள் காய்ச்சல் இறங்கியது என்று எழுதிவந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சியிலிருந்த ஒரு ஜூனியரை வாரம் ஒருமுறை போனில் பிடித்து, நான் அனுப்பியவர்களின் கதி என்ன என்று கேட்டு அதே நோட்டில் குறித்தேன். வியாழக்கிழமை ஓ.பி. முடிந்து அரைமணி நேரம் அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுவோம். மருந்தாளுநரும் வந்து உட்காருவார். அதற்கு கிரெடிட் கிடையாது. பதினான்கு மாதம் நடந்தது. பிறகு என்னை மாற்றுப்பணியில் வேறிடம் போட்டார்கள், சிஸ்டருக்கு இடமாறுதல், ஜூனியர் படிப்பு முடிந்து போய்விட்டார். நோட்டு யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. தனிமனித ஆர்வம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என்னிடமுள்ள சான்று அவ்வளவுதான்: பதினான்கு மாதம், ஒரு சேலை.

2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை வாசகர்கள் அறிவார்கள். காலமுறை ஊதியத்துக்கான 2009ஆம் ஆண்டின் அரசாணை 354, முதுநிலை இடங்கள், நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ற பணியிடங்கள் ஆகியவை கோரிக்கைகள். அதற்கு முந்தைய ஒரு சின்னக் கூட்டத்தில் நானும் இருந்தேன். இன்னொன்றையும் சேர்க்கலாமே என்றேன்: அனுப்பிய ஒவ்வொரு சீட்டுக்கும் முடிவு எழுதித் திருப்பியனுப்புவதைப் பெரிய ஆஸ்பத்திரிகளின் கடமையாக்குவது, வாரம் அரைநாள் ஓ.பி. இல்லாமல் அந்தச் சீட்டுகளை வைத்துப் பேச நேரம் தருவது, அந்தப் பேச்சை மெமோவுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று எழுத்தில் தருவது. ஒரு மூத்த தோழர் என் தோளைத் தட்டினார்.

“போன பேஷண்ட் திரும்பி வரலேன்னா சந்தோஷப்படும் வே. இதுக்குப்போய் எவன் ஸ்ட்ரைக் பண்ணுவான்?”

சிரிப்பு. அடுத்த கோரிக்கைக்குப் போனார்கள். கூட்டம் முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கையில், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண் டாக்டர் வேகமாக வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். கோரிக்கை நோட்டீஸைத் திருப்பி, பேனாவை எடுத்தார்.

“சார், அந்தக் கருப்புப் புண்ணு, எங்கெல்லாம் பாக்கணும்?”

சொன்னேன். காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், மார்புக்கு அடியில், தொப்புள், பாவாடை நாடா இறுக்குகிற இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலுக்குப் பின்னால், ஆண்களென்றால் விரைப்பையும்.